ராசாத்தியை விசாரித்தவர்

பால் குடிப்பதற்கு முன்னால் மாட்டிடம் வாக்குமூலம் வாங்கிய மனிதர் இந்த இலங்கைத் தீவிலேயே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரோடு ஒரே கூரையின் கீழ் குடியிருந்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்வதா, அனுதாபம் தேடிச் சொல்வதா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை.

முப்பதுகளின் ஆரம்பம் அது. கண்டி வாவிக்கு மேலே, ஏறும்போது மூச்சையும் இறங்கும்போது முழங்காலையும் சோதிக்கிற ஒரு வீதியில் எங்கள் சம்மரி இருந்தது. கலியாணமாகாத கிளாக்கர்மார் கூட்டாக வாடகைக்குப் பிடித்த வீட்டுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். அலுமாரிக்குக் கதவு கிடையாது. கதிரைகளில் உட்காரத் தனிப் பயிற்சி வேண்டும். சமையலுக்கு அந்தோனி என்று ஒருவர் இருந்தார். அவர் எதைச் சமைத்தாலும் ரசத்தின் ருசி வரும், ரசத்தைத் தவிர.

இந்தச் சொர்க்கத்துக்குத்தான் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து சேர்ந்தார். கந்தோரில் கணக்குப் பரிசோதிக்கிற பகுதியில் வேலை. மற்றவர்கள் எழுதியதை நம்பாமல் இருப்பதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. மனிதர் சம்பளம் இல்லாத நேரத்திலும் அதே வேலையைச் செய்தார்.

"அண்ணே, வெளிய மழை பெய்யுது" என்று நான் சொன்னால், "நேரிலை பாத்தனீரோ?" என்பார்.

"சத்தம் கேக்குதே."

"சத்தம் சாட்சி இல்லை, ஐசே."

எழுந்து முற்றத்துக்குப் போவார். தொப்பலாக நனைந்து திரும்பி வந்து, "ஓம், பெய்யுது" என்று உறுதிப்படுத்துவார். ஒரு வாரத்துக்குள் அவருக்கு நேரிலையார் என்று பெயர் வைத்துவிட்டோம். தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று எங்களில் பாதிப் பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாடு முடிந்து அவர் படுக்கப் போன பிறகு, அவரைப் போல நடித்துக் காட்டுவது சம்மரியில் என்னுடைய உத்தியோகம். நான் கண்டியிலே பிறந்து வளர்ந்தவன், இருந்தாலும் அந்த யாழ்ப்பாணத் தமிழும் மூக்கால் வருகிற அந்தக் கேள்வியும் எனக்கு அப்படியே படிந்திருந்தன. டைப்பிஸ்ட் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழுவார். கதிரையும் அதற்கு ஒத்துழைக்கும்.

பால் விவகாரம் அவர் வந்த மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தது. அந்தோனி கொண்டுவந்து வைத்த கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பால் ஒரு மாதிரி நீலமாக இருந்தது. அதுதான் பாலின் இயற்கை நிறம் என்று நாங்கள் நினைத்துக் கொண்டிருந்த காலம்.

"அந்தோனி, உது என்ன?"

"பாலுங்க."

"ஆர் தந்தது?"

"பால்காரருங்க."

"பால்காரரை நேரிலை பாத்தனீரோ?"

"ஆமாங்க, தெனமும் பாக்குறேனே."

"மாட்டை?"

அந்தோனி தலையைச் சொறிந்தார்.

"அப்ப உது மாட்டுப் பால் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதில்லை. தோன்றிய பிறகு யாருக்கும் பால் தொண்டையில் இறங்கவில்லை. அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் சம்மரிக்குப் பாலும் இறைச்சியும் வளர்க்கிறவர்களிடமிருந்து நேரே வர வேண்டும், நடுவில் ஒரு ஆளும் இருக்கக்கூடாது.

அப்படித் தேடிக் கண்டுபிடித்ததுதான் மகியாவைப் பக்கத்தில் குடிசை போட்டிருந்த மாரியாயி அக்காவும் அவர் மாடும். புருஷன் இறந்த பிறகு பிள்ளைகளோடு கலஹாத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்து, கையிலிருந்ததையெல்லாம் கொட்டி ஒரு மாட்டை வாங்கியவர் அவர். செவலை நிறம், ஒரு கொம்பு மேலே பார்க்கும், மற்றது பேராதனையைப் பார்க்கும். பெயர் ராசாத்தி. அக்காவுக்கு வீடு, வாசல், சொத்து எல்லாம் அந்த ராசாத்திதான்.

முதலில் மாட்டை எங்கள் வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து தரச் சொன்னார் நேரிலையார். அக்காவும் மேடேறி வந்தார். மாடு மூச்சு வாங்கியது. நேரிலையாருக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. "களைச்ச மாட்டின்ரை பால் களைச்ச பால்தானே, ஐசே?" என்றார். ஆகவே மாடு ஏறி வருவதை நிறுத்தி, நாங்கள் இறங்கிப் போவதென்று ஆயிற்று. தினமும் விடியற்காலையில் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் பால் கறப்பதைப் பார்க்க, இன்னொருவர் அவர் ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று பார்க்க. பார்க்கிறவர் அவர், அவரைப் பார்க்கிறவன் நான். சம்மரியில் நான்தான் இளையவன் என்பதால் இந்தப் பதவி எனக்குக் கிடைத்தது.

முதல் நாள் தொழுவத்தில் நடந்ததை நான் மறக்கவே முடியாது. கறுப்புக் கோட்டும் நெற்றியில் திருநீறும் கையில் குடையுமாக ராசாத்திக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"நேற்று எங்கை மேஞ்சனீ?"

ராசாத்தி அசை போட்டது.

"ஆரின்ரை வளவுக்குள்ளை பூந்தனீ? உண்மையைச் சொல்லு. முகத்தைத் திருப்பாதை, நான் கேக்கிறன். உந்தப் பாலிலை வாவித் தண்ணி மணக்குது. எங்கை குடிச்சனீ?"

மாரியாயி அக்கா செம்பும் கையுமாகத் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். "ஐயா, மாட்டுக்கிட்ட போயி கேள்வி கேக்குறீங்களே, அது வாயத் தொறந்து சொல்லவா போகுது?"

"சொல்லாது. ஆனா பொய்யும் சொல்லாது."

"அப்ப நான் பொய் சொல்றேங்குறீங்களா?"

"உம்மை இன்னும் விசாரிக்கேல்லை. முறை வரும்."

அக்கா அன்றைக்குச் செம்பால் அவர் மண்டையில் போடாமல் விட்டது எங்கள் சம்மரியின் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு விசாரணை தினசரி நடந்தது. கேள்விகள் மாறாது, குரலின் கடுமை மாறாது, மாட்டின் மௌனமும் மாறாது. பால் மட்டும் வெள்ளையாக, கெட்டியாக வந்தது. எங்கள் எல்லோருக்கும் கன்னத்தில் சதை பிடித்தது.

பாலில் கிடைத்த வெற்றி அவரை இறைச்சியில் இறக்கியது. அக்குறணையில் காசிம் நானா என்று ஒருவர் ஆடு வளர்த்தார். ஒரு சனிக்கிழமை பஸ்ஸேறி நேரே அவர் பட்டிக்கே போனோம். நேரிலையார் ஒவ்வொரு ஆடாகப் பல்லைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு வெள்ளைக் கிடாயைத் தேர்ந்தெடுத்தார். மறுநாள் வந்து இறைச்சி வாங்குவதாக ஏற்பாடு. ஆனால் அறுக்கிறவர் இதே கிடாயைத்தான் அறுத்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி? கோட்டுப் பையிலிருந்து கந்தோர்ப் பென்சிலை எடுத்தார். நனைத்தால் ஊதாவாகி அதன் பிறகு உலகம் அழிந்தாலும் அழியாத அந்தப் பென்சிலை நாக்கில் தொட்டு, கிடாயின் விலாவில் கணக்குகளில் எழுதுகிற மாதிரியே ஆங்கிலத்தில் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதி, கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்தும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சட்டியோடு போய் இறங்கியபோது கிடாய் உயிரோடு நின்று வாழைப்பழத்தோல் தின்று கொண்டிருந்தது. காசிம் நானா கையெடுத்துக் கும்பிடாத குறை.

"மாஸ்டர், இத நான் அறுக்க மாட்டன்."

"ஏன்?"

"கவர்மெண்ட் எழுத்து ஈக்கிது பாருங்க. வரித் துண்டுல போடுற அதே கலர். கவர்மெண்ட் சாமானுல கத்தி வெச்சா சும்மா உடுவானா? எனக்குப் புள்ளகுட்டி ஈக்கிது."

"அது நான் எழுதினது, ஐசே!"

"நீங்க கவர்மெண்ட் ஆள்தானே?"

உண்மையிலேயே அவர் அரசாங்க ஆள்தான். அழித்துத் தருகிறேன் என்று சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். எழுத்து இன்னும் பளிச்சென்று ஊதாவாகியது. கிடாய்க்கு அது பிடித்துப் போய் மற்ற விலாவையும் காட்டியது. அன்றைக்குச் சம்மரியில் பூசணிக்காய்க் கறி, அதிலும் ரச வாசனை. அந்தக் கிடாய் அதன் பிறகு அக்குறணைக் கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கியது. தேங்காய்ப் புண்ணாக்கைத் தின்றாலும் வாழைக்குலையை இழுத்தாலும் யாரும் கை ஓங்கவில்லை. கவர்மெண்ட் ஆடு என்று ஊரே ஒதுங்கி வழிவிட்டது. நான் பார்த்தவரையில் எங்கள் கந்தோரில் உத்தியோகம் பார்த்த எவருக்கும் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

இந்த மாதிரி நாள்கள் போய்க் கொண்டிருக்கும்போதுதான், ஒரு அடைமழை வாரத்தில் ராசாத்தியின் கன்று செத்துப் போயிற்று.

கன்று இல்லாவிட்டால் சில மாடுகள் பாலை இறக்காது. மடியில் வைத்துக் கொண்டே நிற்கும், நாளாக ஆக வற்றிப் போகும். வழக்கமாகச் செய்வது போல மாரியாயி அக்கா கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்தினார். ராசாத்தி ஒருமுறை மோந்து பார்த்தது, பிறகு திரும்பிக் கொண்டது. அதுவும் நேரிலையார் கட்சிதான், அத்தாட்சி இல்லாததை நம்பவில்லை. அக்கா தொழுவத்து மூலையில் குந்திக்கொண்டு அழுதார். மாடு வற்றினால் வாங்குவதற்கு இறைச்சிக்காரரைத் தவிர ஆள் இல்லை. அதை விற்றுவிட்டால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் கலஹா மலை ஏறி தோட்டக் கூலிகளின் லயத்துக் காம்பராவில் விழ வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் கோட்டும் குடையுமாக நேரிலையார் உள்ளே வந்தார். அழுகிற அக்காவைப் பார்த்தார். நேரே மாட்டிடம் போனார்.

"என்ன உது? நேற்று எங்கை மேஞ்சனீ? முகத்தைத் திருப்பாதை."

ராசாத்தி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அக்கா எழுந்து வந்து தற்செயலாக அதன் மடியில் கையை வைத்தார். பால் சரசரவென்று இறங்கிற்று.

அன்றைக்கு முதல் நேரிலையார் இல்லாமல் ராசாத்தி பால் தருவதில்லை. அவருக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தபோது, மாரியாயி அக்கா மாட்டோடு மேடேறி வந்து எங்கள் வாசலில் நின்றுவிட்டார். நேரிலையார் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் வழியாக விசாரித்து அனுப்பினார். "ஐயா கைராசி" என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். மாட்டைச் சந்தேகப்பட்டு வந்த மனிதர் மாட்டுக்கே கன்றாகிப் போனார். நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை.

சிரிப்பு மாற்றல் உத்தரவு வரும்வரைதான். யாழ்ப்பாணத்துக்கு மாற்றல் வேண்டுமென்று கண்டிக்கு வந்த நாளிலிருந்து அவர் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். அங்கே அவருக்கென்று ஒரு மச்சாள் காத்திருந்தாள், மாமன் மகள். கலியாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போயிருந்தது. இந்த வைகாசிக்குள் வந்து தாலி கட்டாவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று மாமன் ஆள் விட்டே சொல்லியிருந்தார். கேட்டது கிடைத்தது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர் சந்தோஷமாகக் குதிப்பார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"நான் போகேல்லை" என்றார்.

"அண்ணே, கலியாணம்!"

"ஓம். மாடு?"

"ஒரு மாட்டுக்காகவா அண்ணே?"

"மாட்டுக்கில்லை, ஐசே. அந்த மனுசியின்ரை அடுப்பு அந்த மாட்டிலைதான் எரியுது. அதை நான் நேரிலை பாத்தனான்."

இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டார். அன்றைக்கு நான் அவரைப் போல நடித்துக் காட்டவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மறுநாளிலிருந்து அவருக்குப் பதில் ஆள் தேடுகிற முயற்சியில் சம்மரியே இறங்கியது. அவரை வீட்டிலேயே இருக்கும்படி கட்டாயப்படுத்திவிட்டு நாங்கள் தொழுவத்துக்குப் போனோம். முதலில் டைப்பிஸ்ட் அவருடைய கோட்டைப் போட்டு, குடையைப் பிடித்து, திருநீறும் பூசிக்கொண்டு போய் நின்றார். ராசாத்தி கோட்டை மோந்து பார்த்துக் கொஞ்சம் குழம்பியது. பிறகு முகத்தைப் பார்த்துத் தெளிவடைந்து ஓர் உதை விட்டது. டைப்பிஸ்ட் ஒரு வாரம் நின்றுகொண்டே தட்டச்சுச் செய்தார். அந்தோனி, கந்தோரில் எடுத்த குரூப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மாட்டுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். ராசாத்தி அதில் தலைமைக் கிளாக்கர் உட்கார்ந்திருந்த பக்கத்தைத் தின்றது. அடுத்த வீட்டுக் கன்றொன்றைக் கொண்டுவந்து விட்டோம், அதற்கும் உதைதான். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஓடிப்போய் நேரிலையாரைத்தான் கூட்டி வர வேண்டியிருந்தது. வைகாசி நெருங்கிக் கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் தொழுவத்தில் நானும் அக்காவும் மட்டும்தான். செம்பு வெறுமையாக இருந்தது. நான் மாட்டின் கழுத்தைத் தடவினேன், கெஞ்சினேன், "ராசாத்தி, கொஞ்சம் மனசு வைம்மா" என்றேன். மனசு வைக்கவில்லை, என் பாதத்தின் மேல் காலை வைத்தது. அவ்வளவுதான், எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோபத்தில் எனக்கே தெரியாமல் என் சம்மரிக் குரல் வெளியே வந்தது.

"என்ன உது? உனக்கு விசரே? நேற்று எங்கை மேஞ்சனீ? ஆரின்ரை வளவுக்குள்ளை பூந்தனீ? முகத்தைத் திருப்பாதை, நான் கேக்கிறன்!"

ராசாத்தி அசை போடுவதை நிறுத்தி, காதை முன்னுக்கு விட்டது.

"ஐயா... நிறுத்தாதீங்க" என்றார் அக்கா மெதுவாக. "எறங்குது. திட்டுங்க, திட்டுங்க!"

திட்டினேன். கைவசமிருந்தது தீர்ந்ததும், அவரைக் கேலி செய்வதற்காக நான் சொந்தமாகச் சேர்த்த வசனங்களையெல்லாம் எடுத்து விட்டேன். "சத்தம் சாட்சி இல்லை, ஐசே! மழையை நேரிலை பாத்தனீரோ? மாமியை நேரிலை பாத்தனீரோ? கடவுளை நேரிலை பாத்தனீரோ?" செம்பு நிறைந்து நுரை தள்ளியது. கோட்டுமில்லை, குடையுமில்லை, கைராசியுமில்லை, அந்தத் திட்டுத்தான் அதற்கு வேண்டியிருந்தது.

வெற்றியோடு திரும்பினால் வாழை மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குடை எழுந்தது. குடைக்குக் கீழே நேரிலையார். வீட்டில் இருக்கச் சொன்னால் இருக்கிற ஆளா அவர்? நேரில் பார்க்க வந்திருந்தார்.

"நான் உப்பிடியோ கதைக்கிறனான்?" என்றார்.

"அண்ணே, அது வந்து..."

"'உது' எண்டேக்கை மூக்காலை இன்னும் கொஞ்சம் வரவேணும்."

அங்கேயே நிறுத்தி வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். எங்கே இழுக்க வேண்டும், எங்கே குடையால் தரையில் தட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அவரைப் போல நடிக்க அவரே பழக்கிவிட்ட ஆள் நான் ஒருவன்தான். மாரியாயி அக்கா சிரிப்பை அடக்க மாட்டாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் சம்மரிக்கு மேடேறும்போது அவர் முகம் மறுபடி சுருங்கியது. "ஐசே, நான் பின்னாலை நிண்டனான் எல்லே? என்ரை மணத்துக்குத்தான் பால் இறங்கினதோ, ஆர் கண்டது?"

"நாளைக்கு நெசமாவே வராதீங்க அண்ணே, பாத்துருவோம்."

"நான் வராட்டில் நான் எப்பிடிப் பாக்கிறது?"

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அவர் இல்லாதபோது மாடு பால் தருகிறதா என்பதை அவர் போய்ப் பார்க்க முடியாது. போனால் அவர் இல்லாததாக ஆகாது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நேரில் பார்க்கவே முடியாத ஒரு விஷயத்தில் அவருடைய கலியாணம் மாட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் தனியாகப் போனேன். திரும்பி வந்தபோது மனிதர் சாப்பாட்டு மேசையில், உடைந்த கதிரையில், கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சம்மரி முழுவதும் சுவரோரமாக நின்று வேடிக்கை பார்த்தது. செம்பை அவர் முன்னால் வைத்தேன். நிறைந்த செம்பு. கேள்வி இப்போது வரும் என்று காத்திருந்தேன். எந்த மாடு, ஆர் கறந்தது, எத்தனை பேர் சாட்சி? வேறு மாட்டுப் பாலை வாங்கிக் கொண்டுவந்து அவரை ஏமாற்ற எனக்குச் சாமர்த்தியம் போதும் என்பது அவருக்குத் தெரியும்.

செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பாலை ஊற்றிக் குடித்தார். மேல் உதட்டில் நுரையோடு, "ஓம்" என்றார். பிறகு உடுப்புகளை அடுக்கப் போய்விட்டார். அந்தோனி குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டது வெங்காயத்தால் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

கண்டி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது மாரியாயி அக்கா ஜன்னல் வழியாக ஒரு போத்தல் நெய்யைக் கொடுத்தார். "இது எந்த மாட்டு நெய்யின்னு கேக்கலயாய்யா?" என்றார். "உம்மடை முறை முடிஞ்சுது" என்றார் அவர். கலியாணத்துக்கு நான் யாழ்ப்பாணம் போயிருந்தேன். நேரில் வந்து பார்க்காமல் நடந்தது என்று நம்பக்கூடாது என்பது அவருடைய கட்டளை. மணவறையில் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, தலைப்பாகையோடு என் பக்கம் குனிந்து, "ராசாத்தி சுகமே?" என்று கேட்டார். மணப்பெண்ணின் தலை சட்டென்று திரும்பியது. அது ஒரு மாடு என்று பெண் வீட்டாருக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் எனக்குச் சாப்பாட்டுப் பந்தி தவறிப் போயிற்று.

அதன் பிறகு சில வருஷம் தினமும் காலையில் ராசாத்தியைத் திட்டினேன். அக்கா இரண்டாவது மாடும் வாங்கினார், ராசாத்தி கன்றும் போட்டது, ஆனாலும் திட்டை நிறுத்த அது சம்மதிக்கவில்லை. பிறகு வயதாகி அதுவும் போய்ச் சேர்ந்தது. இப்போது விடியற்காலையில் பின்முற்றத்தில் நின்று யாழ்ப்பாணத் தமிழில் யாரைத் திட்டுகிறீர்கள் என்று என் மனைவி கேட்கிறாள். பழக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் குரலைக் கேட்காமல் பொழுது விடியாதது ராசாத்திக்கு மட்டும்தான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தேன்.